ஓடையின் வாயில் கொட்டியவர்கள்

2024 செப்டம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. வானம் மூடியிருந்தது, காற்று இல்லை. முந்தின இரவு இடி மட்டும் இடித்துவிட்டு மழை வேறெங்கோ போய்விட்டது. அடையாறு கழிமுகத்தைப் பார்த்த வாடகை வீட்டின் மூன்றாம் மாடிப் பால்கனியில் நின்று நான் கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு வரை வந்தபோது கண் நின்றது. பதினேழாவது கொக்கு நின்ற இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். மண் இருந்தது.

தணிக்கை வேலையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றது, சந்தேகம் நிற்கவில்லை. அன்று காலை என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேத்து அங்க ஜலம் இருந்தது" என்றேன்.

"ஓதம் இறங்கியிருக்கும்."

"ஓதம் இறங்கினா சேறு தெரியும். இது செங்கல்."

"காபி ஆறிண்டிருக்கு" என்றாள்.

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் சொந்த வீடு மயிலாப்பூரில், பக்கிங்காம் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி, எட்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம். எல்லாரும் சேர்ந்து ஒரு கட்டுமானக்காரரிடம் கொடுத்துவிட்டோம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவார். அதுவரை வாடகை அவருடையது. பெருவெள்ளம் வந்த வருடம் எங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் இடுப்புவரை நின்றது. அதை மறக்காமல் நான்தான் கூட்டத்தில் எழுந்து, புதுக் கட்டடத்தின் அடித்தளம் தெருவைவிட மூன்றடி உயரமாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன். அப்போது எல்லாரும் கை தட்டினார்கள்.

கழிமுகம் என்றால் கடற்கரைக்குப் போகிறவர்களுக்குப் பாலத்தின் மேலிருந்து அடிக்கும் நாற்றம்தான். மேலிருந்து தினமும் பார்த்தால் வேறு. ஆறு கடலைத் தொடும் முன்பு அகன்று படுத்துவிடுகிறது. ஓரத்தில் அலையாத்திச் செடிகள், சேறு, ஆழமில்லாத நீர். அந்த ஈர நிலத்திலிருந்து ஒரு சிறிய ஓடை கிளம்பி, எங்கள் தெருவின் பின்னால் இருக்கும் ஆற்றோரக் குடியிருப்பின் பக்கமாக உள்ளே வருகிறது. அங்கே தொண்ணூற்றிரண்டு வீடுகள். ஒரு நாளைக்கு இருமுறை கடல் அந்த ஓடை வழியாக ஏறி இருமுறை இறங்கும்; அதுதான் ஓதம். மழைக் காலத்தில் எங்கள் தெருத் தண்ணீரும் அந்தக் குடியிருப்பின் தண்ணீரும் வெளியே போவதற்கு அது ஒன்றுதான் வழி. புது மண் திட்டு அந்த ஓடையின் வாயை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

பத்து நாளில் திட்டு இரண்டு மடங்கானது. லாரிகள் விடிவதற்கு முன்பே வந்து போய்விடும். ஒருமுறை மட்டும் ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நம்பர் பலகையில் சேறு அப்பியிருந்தது. சேறு தானாக அப்பியதா, அப்பவைத்ததா என்பதே எனக்குள் அரை நாள் ஓடியது.

யார் கொட்டுகிறார்கள்? பக்கத்துக் காலி மனைக்காரரைச் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் அவருடைய முள்வேலி இரண்டு கம்பம் தண்ணீர்ப் பக்கம் நகர்ந்திருந்தது. எங்கள் காவல்காரரைச் சந்தேகப்பட்டேன், கேட்டபோது அவர் "லாரியா சார்?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டதால். கடைசியில் குடியிருப்பில் இருப்பவர்களே நிலத்தைப் பெருக்கிக்கொள்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். அதை நேரில் பார்த்துவிடலாம் என்று கீழே இறங்கினேன்.

ஓடைக் கரையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வீச்சுவலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கூட நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் வலைக்காரர் எழுந்து வந்தார்.

"இன்னா சாரு, டெய்லி மேல நின்னுக்கினு இன்னாத்த எண்ற?"

"கொக்கு."

"கொக்கா! நைனா, என்னைப் பாத்தா கொக்கு மாதிரியா கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க அக்கா வூட்டாண்டயும் இப்டித்தான் ஒர்த்தர் வந்தாரு. மரம் எண்றேன்னாரு. அப்பால தெருவிளக்க எண்ணுனாரு. அப்பால கதவுல ஒரு நம்பர் எய்திட்டுப் பூட்டாரு. இப்ப அக்கா ஊருக்கு அந்தாண்ட அஞ்சாவது மாடில கீது. இங்க நாலு வூட்ல வேல செஞ்சிக்கினு இருந்துச்சு. அங்கேர்ந்து பஸ்ல வந்து சேர்றதுக்கே மத்தியானம் ஆவுது. நீ யாருக்கு எண்ற? அத்த மட்டும் சொல்லு."

"யாருக்கும் இல்ல. பழக்கம்."

"பழக்கத்துக்கு எவனாவது எண்ணுவானா?" என்றார் அவர், மற்றவர்களைப் பார்த்து.

பதிலுக்கு நான் கேட்டேன்: "இந்தக் கல்லையும் மண்ணையும் கொட்றது யாரு?"

"உங்காளுங்க."

"எந்த ஆளுங்க?"

"மாடி வூட்டுக்காரங்க."

கேள்வியைக் கேட்டவன் மேலேயே திருப்பிவிடுவதை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். ஆனால் நான் திரும்பும்போது அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னது படியேறும்போது கூடவே வந்தது. ஓடை வாய் அடைபட்டால் மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும். தண்ணீர் நின்றால், அபாயமான இடம், காலி செய்யுங்கள் என்று பட்டியலோடு ஆள் வரும். மழைக்கு இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை.

அப்படிப்பட்ட அறிக்கைகளை நான் படித்தவன். வெள்ளத்தில் மூழ்கிய வீடு இத்தனை, இடம் மாற்ற வேண்டிய குடும்பம் இத்தனை என்று இருக்கும். தண்ணீர் ஏன் நின்றது என்று கேட்க அதில் ஒரு கட்டம் இருக்காது. ஆட்கள் போன பிறகு அந்த நிலம் யாருக்குப் போகிறது என்பதற்கும் கட்டம் இருக்காது. யாரோ ஒருவர் இதை யோசித்துத்தான் கொட்டுகிறாரோ என்று தோன்றியதும் என் தூக்கம் போனது.

கைபேசியில் படம் எடுத்து வார்டு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது: கட்டட இடிபாடு அகற்றப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது. பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். திட்டின் மேல் அன்று காலை கொட்டிய குவியல் ஈரம்கூடக் காயாமல் இருந்தது. எல்லாரும் கூட்டு என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதற்கிடையில் குடியிருப்புக்குள் போய்ப் பார்த்ததில் எனக்கு வேறொன்று கிடைத்தது. வலைக்காரரின் வீட்டுத் தரை வாசல் சந்தின் மட்டத்தைவிட ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. வாசலில் சிமெண்டு பூசாத இடத்தில் செங்கல் துண்டும் பழைய மொசைக்கும் தெரிந்தன. கையும் களவுமாகப் பிடித்த மகிழ்ச்சியில் கேட்டேன்:

"அப்ப லாரியைக் கூப்பிட்டது நீங்கதானே?"

அவர் மறுக்கவில்லை. "ரெண்டு லோடு கேட்டோம், ஆமா. போன மழைக்குக் கட்டில் மேல ஏறிச்சு தண்ணி. தரைய ஒசத்தாம இன்னா பண்றது, நீயே சொல்லு. ரப்பீஸ் குடுய்யான்னு லாரிக்காரன் கைல கேட்டோம். சும்மா குடுத்தான். வழியக் கத்துக்கினான். அப்பால வோணாம்னாலும் வரான். கொட்றதுக்கு இம்மாம் கிட்டக்க எடம் கெடச்சா வுடுவானா?"

இடித்த வீட்டின் செங்கல், காரை, கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து சென்னையில் ரப்பீஸ் என்றுதான் பெயர். பள்ளமான மனை வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். கேட்பவர் இல்லாதபோது அது எங்கே போகிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வெற்றியோடு சொன்னேன். அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "நீங்க தினம் சொல்ற அந்தத் திட்டை நானும் ஒரு தரம் பாத்துட்டு வரேன். அப்பவாவது இந்தப் பேச்சு ஓயறதா பாக்கலாம்" என்றாள்.

அன்று மாலை இருவரும் போனோம். வலைக்காரர் வழி காட்டினார். அலையாத்திச் செடிகளின் கால்கள் புதைந்து போயிருந்தன. செங்கலுக்கும் கம்பி வெட்டிய கான்கிரீட்டுக்கும் நடுவே தேங்கிய குட்டையில் விரல்நீள மடவைக் குஞ்சுகள் நூறு இருக்கும், வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. குஞ்சாக உள்ளே வந்து பெரிதாகிக் கடலுக்குப் போகும் மீன். அவற்றை எண்ண ஆரம்பித்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏன்னா, அது உங்க நாலு இல்லையோ?"

ஒரு தூணின் துண்டு சரிந்து கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் சிவப்பு எனாமலில் குறுக்குக் கோடுகள், அரை அடிக்கு ஒன்று. மேல் கோட்டின் பக்கத்தில் ஒரு நாலு. என் நாலு தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி மாதிரி இருக்கும் என்று அவள் முப்பது வருடமாகக் கேலி செய்கிறாள். வெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு, அடுத்த முறை தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதற்காக, எங்கள் வண்டி நிறுத்தும் இடத்துத் தூணில் நானே உட்கார்ந்து வரைந்த அளவுகோல் அது.

"நம்மாத்துத் தூண்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. மாடிப்படியின் பச்சை மொசைக். எதிர்வீட்டுச் சமையலறையின் கடப்பைக் கல். இரண்டாம் மாடியில் மாதாமாதம் சண்டை நடந்த கழிவறையின் நீல ஓடு.

வலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இன்னா சொன்னேன் சாரு? உங்காளுங்கன்னு சொன்னேனா இல்லியா? நீயேவா!" பிறகு சிரிப்பு நின்றது. "எம்மாம் பெரிய வூடு அது?" என்று கேட்டார்.

நான் மனதுக்குள் கன அடிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கட்டுமானக்காரரின் அலுவலகத்துக்குப் போனேன். என் பேரன் வயதுள்ள பொறியாளர் ஒருவர் ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினார்.

"அங்கிள், 'இடிபாடுகளை அப்புறப்படுத்துவது' வரைக்கும் எங்க பொறுப்பு. அப்புறப்படுத்தியாச்சு. எங்க போடணும்னு இதுல இல்லையே. நீங்கதான் ஒவ்வொரு வரியும் படிச்சீங்களே, ஒன்பது திருத்தம் போட்டீங்களே?"

உண்மை. ஒன்பது திருத்தம் போட்டேன். தரை ஓட்டின் தடிமன்வரை போட்டேன். எங்களிடமிருந்து கிளம்பும் கல் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி எட்டுக் குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை. புது வீடு எத்தனை சதுர அடி கூடும் என்பதில் இருந்தோம். இதற்கு மேல், நான் கேட்டு வாங்கிய மூன்றடி உயரத்துக்கு வேறெங்கோ ஒரு இடத்திலிருந்து மண் வந்துகொண்டிருந்தது. தெருவை ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்துகிறார்கள், அதனால் வீட்டை உயர்த்துகிறோம், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் உயர்த்துகிறார். எல்லாரும் ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? அது போய்க் காத்திருக்க இந்த நகரத்தில் மிச்சமிருப்பவை கழிமுகமும் சதுப்பும்தான். வேளச்சேரிப் பக்கம் சதுப்பைத் தூர்த்த இடங்களில், ஏரியைப் பார்த்த வீடு என்று விளம்பரம் பார்த்து வாங்கியவர்கள் மழைக்கு மழை படகில் வெளியே வருகிறார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன், பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் என்று.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமா, அது நம்ம கல்லுதான்னு எழுத்துல மட்டும் குடுத்துடாதேங்கோ. நாளைக்கு எட்டு பேரையும் பிடிச்சுண்டு உலுக்குவா."

"கல்லு அங்க கெடக்கறதே?"

"மெட்ராஸ்ல எல்லார் ஆத்துலயும்தான் பச்சை மொசைக்."

"என் நாலு?"

"உங்க நாலை யார் மாமா சாட்சின்னு எடுத்துப்பா?"

வாட்ஸ்அப் குழுவில் தூணின் படத்தைப் போட்டேன், அந்தக் கல்லை நாமே அள்ளி எடுத்துவிடலாம், செலவை எட்டாகப் பிரிக்கலாமா என்று கேட்டேன். இரண்டு பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். ஒருவர் விநாயகர் படம் அனுப்பினார். மற்றவர்கள் படித்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் கோடு மட்டும் வந்தது.

அனுமதி கேட்க வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவிப் பொறியாளர் கணினியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்ற எடத்துல ரப்பீஸ் இல்ல. எடுத்தாச்சு. புகார் குளோஸ்."

"நேத்து என் கண்ணால பார்த்தேன். கையால தொட்டேன்."

"ரெக்கார்டு படி இல்ல சார். இல்லாததை எடுக்கறதுக்கு நான் எப்படி பர்மிஷன் குடுக்கறது?" கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஆனா இல்லாததை யாராச்சும் எடுத்தா, யார் வந்து கேக்கப் போறாங்க? செடியத் தொடாதீங்க. எடுத்ததைக் கார்ப்பரேஷன் சொல்ற யார்டுல கட்டணம் கட்டிப் போட்டு ரசீது வாங்குங்க."

அவர் எனக்கு உதவுகிறாரா, பொறி வைக்கிறாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அக்டோபர் முதல் வாரம், ஓதம் இறங்கிய ஒரு காலை, நான் வாடகைக்குப் பேசிய ஜேசிபி இயந்திரம் லாரிகளோடு வந்தது. குடியிருப்பு வழியாகத்தான் ஓடை வாய்க்குப் போக முடியும். மஞ்சள் கை சந்து முனையில் திரும்பியதும் உள்ளே ஒரு கூச்சல் எழுந்தது. ஒரு நிமிடத்தில் முப்பது பெண்கள் வழியில் நின்றார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்த வண்டி அவர்கள் தெருவுக்குள் எதற்காக வரும் என்று அவர்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை. வாடகை, மணி, டீசல் எல்லாம் கணக்கிட்டவன் அதைக் கணக்கிடவில்லை.

"நம்பர் எண்ணின கெய்வன் இவந்தான்!" என்று ஒரு குரல் வந்தது. யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள்.

வலைக்காரர்கூடத் தள்ளியே நின்று என்னைப் பார்த்தார். "கல்ல எடுக்கறேன்னு சொல்லிட்டு வூட்டாண்ட வண்டிய இட்டாந்துக்கினு கீறியே சாரு?"

என் மனைவி கூட்டத்துக்குள் புகுந்தாள். "எங்காத்துக் குப்பையை எடுத்துண்டு போக வந்திருக்கோம்மா. உங்காத்து கிட்டக்க வராது இது."

"சொல்றது எல்லாரும் சொல்றதுதான் மாமி" என்றாள் சக்கரத்தின் முன் உட்கார்ந்தவள். "வண்டி வெளிய போற வரிக்கும் பெரியவரு இங்கியே குந்தட்டும். எங்க வூடு வாசல்ல."

அப்படித்தான் முடிவானது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. அந்தப் பெண்ணின் வாசலில், வெயிலில், பிணையாக நான் உட்கார்ந்தேன். இயந்திரம் உள்ளே போனது.

முதல் லாரி நிரம்பியதும் ஜேசிபி ஓட்டுநரிடம் கத்தினேன், பச்சை மொசைக் இருக்கும் குவியல் மட்டும்தான் எங்களுடையது, அதை மட்டும் எடுங்கள் என்று. ஓடை வாயில் கிடப்பதில் எங்கள் கட்டடத்தின் பங்கு ஐந்து லாரி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"எது உங்க கல்லு, எது ஊரான் கல்லுன்னு பக்கெட்டுக்குத் தெரியுமா சார்?" என்றார் ஓட்டுநர். "உங்களுத மட்டும் எடுத்தா நடுவுல குழிதான் வரும். தண்ணி வராது."

அவர் சொன்னது சரியா, மணிக்கணக்கை நீட்டுகிறாரா? நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. வாசல்காரி டீ கொடுத்தாள், அரை மணிக்கொருமுறை "எய்ந்துக்காத பெரியவரே" என்றாள். லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தோடு நிற்கவில்லை. பதினொன்று போயின.

மாலை நாலு மணிக்கு ஓதம் ஏறியது. ஓடையின் வாயில் தண்ணீர் முதலில் தயங்கி, மெல்ல நுழைந்து, நான் உட்கார்ந்திருந்த வாசலின் பின்பக்கம்வரை வந்தது. வலைக்காரர் வந்து, "எய்ந்துக்கோ சாரு, வுட்டாச்சு" என்றார். அவ்வளவுதான், நன்றி என்றெல்லாம் ஒன்றுமில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அதிலும் சந்தேகம் வந்திருக்கும்.

மழை அந்த மாதத்தின் நடுவில் கொட்டியது. குடியிருப்பின் சந்துகளில் கணுக்கால்வரை தண்ணீர் ஏறியது. "தண்ணி பூடுச்சு சாரு" என்று வலைக்காரர் மறுநாள் கீழே நின்று கத்தினார். நம்பாமல் குடையோடு இறங்கிப் போய்ப் பார்த்தேன். போயிருந்தது, ஓதம் இறங்கும்போது ஓடை வழியாக. அந்த வருடம் அங்கே பட்டியலோடு யாரும் வரவில்லை.

இந்த வருடம் வர மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. திட்டு இருந்த இடத்துக்கு இருநூறு அடி மேற்கே ஆற்றோரத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிகிறது. தி. நகரில் ஒரு பழைய அடுக்ககத்தை இடிக்கிறார்கள் என்று செய்தி படித்தால், ஆழ்வார்பேட்டையில் பச்சைத் துணி கட்டிய கட்டடத்தைப் பார்த்தால், நிறுத்தி, "இது எங்கே போகிறது?" என்று கேட்கிறேன். யாரும் பதில் சொன்னதில்லை. யார்டுக்குப் போவதாக இருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இயந்திரம் ஒன்பது மணி நேரம், லாரி பதினொரு நடை, யார்டில் கட்டணம், ஓட்டுநர்களின் சாப்பாடு. மற்ற ஏழு வீட்டாரின் பங்கு இன்றுவரை வரவில்லை. மொத்தம் எழுபத்து மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.